ஆறு மைல் நீரும் ஐந்நூறு பவுணும்

முறையான பள்ளிப் படிப்பில்லாத ஒருவர் விஞ்ஞானம் பேச முற்படும்போது, பட்டம் பெற்றோர் முகத்தில் ஓர் ஏளன நகை அரும்புவதுண்டு. அந்த நகைக்குள் ஒரு வர்க்கத்தின் இறுமாப்பு ஒளிந்திருக்கிறது. இதற்கு நேர்மாறான இன்னொரு மயக்கமும் உண்டு. பட்டமில்லாதவர் கூறுவதனாலேயே ஒரு கூற்று மக்களின் குரலாகிவிடும் என்று நம்புவதுதான் அது. முற்போக்காளரை இம்மயக்கம் எளிதிற் பற்றிக்கொள்ளும். முன்னது உழைக்கும் மக்களின் அறிவாற்றலை மறுக்கிறது. பின்னது அம்மக்களை ஏமாற்றுவோருக்குக் கதவைத் திறந்து விடுகிறது. ஒரு கூற்று விஞ்ஞானமா, போலி விஞ்ஞானமா என்பதைக் கூறுபவரின் பட்டமும் தீர்மானிப்பதில்லை, பட்டமின்மையும் தீர்மானிப்பதில்லை. அவ்வாறாயின் எது தீர்மானிக்கிறது?

இவ்வினாவுக்கு விடை காண்பதற்கு, பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் வரலாற்றிலிருந்து ஒரு நிகழ்ச்சியை எடுத்துக்கொள்வோம். அதன் நடுவே இரு மனிதர் நிற்கின்றனர். இருவரும் பல்கலைக்கழகத்தின் வாசற்படியை மிதியாதவர்கள், தாமே கற்றவர்கள், இளமையில் றொபேட் ஓவனின் சோசலிசக் கருத்துகளால் ஈர்க்கப்பட்டவர்கள். ஒருவர் பெயர் அல்பிரட் றசல் வொலஸ். உயிரினங்கள் இயற்கைத் தேர்வினாற் பரிணமிக்கின்றன என்ற உண்மையை டார்வினுக்குச் சமமாகத் தனித்து நின்று கண்டவர். மற்றவர் பெயர் சாமுவேல் பேர்லி றோபோதம். பூமி தட்டையானது என்று ஏறக்குறைய முப்பத்தைந்து ஆண்டுகள் ஊர் ஊராகப் பிரசாரம் செய்தவர். ஒரே மண்ணில், ஒரே காற்றைச் சுவாசித்து வளர்ந்த இரு செடிகளுள் ஒன்று கனி தந்தது. மற்றது நச்சுக் காயைத் தந்தது. இதன் காரணம் ஆராயத்தக்கது.

அறிவுப் பசியும் மூடிய கதவுகளும்

றோபோதம் 1816ஆம் ஆண்டிலும் வொலஸ் 1823ஆம் ஆண்டிலும் பிறந்தவர்கள். அவர்கள் வளர்ந்த இங்கிலாந்தில் நீராவி இயந்திரம் உற்பத்தி முறையையே புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தது. இயந்திரத்தின் பக்கத்தில் நாள் முழுவதும் நின்ற தொழிலாளிக்கு, அதை இயக்கும் விதிகளை அறிய வேண்டுமென்ற வேட்கை எழுந்தது இயல்பே. ஆயினும் ஒக்ஸ்போட், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்கள் அவனுக்குரியனவாக இருக்கவில்லை. 1871ஆம் ஆண்டுவரை அவற்றின் பதவிகள் பல, இங்கிலாந்துத் திருச்சபையைச் சேராதவர்களுக்கு அடைக்கப்பட்டிருந்தன. பத்திரிகைகளின் மீது முத்திரை வரி விதிக்கப்பட்டிருந்தது. ஏழையின் கைக்கு மலிவான செய்தித்தாள் எட்டாதபடி தடுத்த அவ்வரியை 'அறிவின் மீதான வரி' என்று மக்கள் அழைத்தனர். 1855ஆம் ஆண்டிலேதான் அது ஒழிந்தது.

மூடிய கதவுகளுக்கு வெளியே தொழிலாளர் தமக்கெனக் கல்விக்கூடங்களை அமைத்துக்கொண்டனர். 1823ஆம் ஆண்டு இலண்டனில் தொழில்வினைஞர் கல்விக்கழகம் தோன்றியது. பிற நகரங்களிலும் அத்தகையன பெருகின. ஓவனின் சீடர்கள் 'விஞ்ஞான மண்டபங்கள்' நிறுவி இரவு வேளைகளிற் சொற்பொழிவுகள் நடத்தினர். பதின்மூன்று, பதினான்கு வயதிற் பள்ளியை விட்ட வொலஸ், இலண்டனில் அத்தகைய மண்டபமொன்றுக்குச் சென்றுவந்தார். ஓவன் பேசியதையும் ஒருமுறை கேட்டார். பின்னர்த் தமையனிடம் நில அளவைத் தொழில் பயின்றார். வயல்களையும் வாய்க்கால்களையும் அளக்க நடந்த நடையிலேதான் அவருடைய கணிதமும் தாவர அறிவும் வளர்ந்தன.

றோபோதமும் இவ்வியக்கத்தின் பிள்ளையே. 1838ஆம் ஆண்டின் இறுதியில், கேம்பிரிட்ஜ்ஷயரில் உள்ள மேனியா பென் என்னும் சதுப்பு நிலப் பகுதியில், வில்லியம் ஹொட்சன் என்ற விவசாயி ஓவனின் கொள்கை வழியில் ஒரு கூட்டுக் குடியிருப்பைத் தொடங்கினார். அதன் செயலாளராக இருந்தவர் றோபோதம். 1841ஆம் ஆண்டளவில் அக்குடியிருப்பு சிதைந்து போயிற்று. ஆனால் அந்தப் பிரதேசத்தில் ஓடும் வாய்க்கால் ஒன்று அவருடைய பிற்கால வாழ்வை நிர்ணயித்தது.

'பழைய பெட்போட் ஆறு' என்பது அவ்வாய்க்காலின் பெயர். பெயரளவில் ஆறெனினும், பதினேழாம் நூற்றாண்டிற் சதுப்பு நிலத்தை வடிப்பதற்காகப் பெட்போட் பிரபுவும் அவருடைய கூட்டாளிகளும் பணமிட்டு வெட்டுவித்த செயற்கை நீர்வழி அது. மீன் பிடித்தும் கோரை அறுத்தும் பறவை வேட்டையாடியும் வாழ்ந்த எளிய மக்கள், பொது நிலம் தம் கையைவிட்டுப் போவதை எதிர்த்துக் கலகம் செய்த வரலாறும் அதற்குண்டு. அவ்வாய்க்காலின் ஒரு பகுதி ஆறு மைல் தூரம் வளைவே இல்லாமல் நேராகச் செல்கிறது. நீரோட்டமும் மிக மெதுவானது. பூமியின் வளைவைச் சோதிக்க அதனினும் ஏற்ற இடம் கிடைப்பது அரிது.

சரியான கணக்கும் தவறான முடிவும்

றோபோதம் தந்த விவரப்படி, 1838ஆம் ஆண்டுக் கோடையில் அவர் அவ்வாய்க்காலில் இறங்கி நின்றார். நீர்மட்டத்துக்கு எட்டு அங்குலம் மேலே தொலைநோக்கியைப் பிடித்தார். ஐந்தடி உயரக் கொடியொன்றைத் தாங்கிய படகு அவரிடமிருந்து புறப்பட்டு ஆறு மைல் தூரம் சென்றது. இறுதிவரை படகு தம் கண்ணுக்குத் தெரிந்தது என்றார் அவர்.

பூமி உருண்டையானால் நிகழ வேண்டியது என்ன? ஒரு மைலில் நீரின் மேற்பரப்பு எட்டு அங்குலம் கீழிறங்கும். தூரம் இரு மடங்கானால் இறக்கம் நான்கு மடங்காகும். மூன்று மடங்கானால் ஒன்பது மடங்காகும். எட்டு அங்குல உயரத்திலுள்ள கண்ணுக்கு ஒரு மைல் தூரத்தில் அடிவானம் அமையும். எஞ்சிய ஐந்து மைலுக்கு இருபத்தைந்து எட்டு, அதாவது 200 அங்குலம். 16 அடி 8 அங்குலம். கொடியின் ஐந்தடியைக் கழித்தாலும், கொடியின் உச்சி பார்வைக் கோட்டுக்கு 11 அடி 8 அங்குலம் கீழே மறைந்திருக்க வேண்டும். மறையவில்லை, ஆகவே பூமி தட்டை என்பது அவருடைய வாதம்.

இக்கணக்கிற் பிழையில்லை. அவருடைய கண்ணையும் நாம் பொய்யென்று கொள்ள வேண்டியதில்லை. பிழை, கண்ணுக்கும் கொடிக்கும் இடையே கிடந்த காற்றை அவர் மறந்துவிட்டதில் இருந்தது. குளிர்ந்த நீரின் மேல் படிந்திருக்கும் காற்று அடர்த்தி கூடியது. மேலே செல்லச் செல்ல அடர்த்தி குறையும். அடர்த்தி வேறுபட்ட காற்றினூடே செல்லும் ஒளி நேர்கோட்டிற் செல்லாது; அடர்ந்த பக்கம் நோக்கி வளையும். இதுவே ஒளிமுறிவு. வெயில் எரிக்கும் தார் வீதியில் நாம் காணும் கானல்நீரும் இதன் மறுவடிவமே. அங்கே அடியிலுள்ள காற்று சூடானதாகையால் ஒளி எதிர்ப்புறம் வளைகிறது. சாதாரண நிலையில் ஒளிமுறிவு பூமியின் வளைவில் ஏறக்குறைய ஏழிலொரு பங்கை மறைத்துவிடும். நீரைத் தொட்டாற்போலக் கண்ணை வைத்துப் பார்க்கும்போதோ ஒளி பூமியின் வளைவைப் பின்பற்றியே வளைந்து வரவும் கூடும். சோதனையை எங்கே செய்யக்கூடாதோ அங்கேயே றோபோதம் செய்தார். தொலைநோக்கியைப் பத்துப் பன்னிரண்டடி உயர்த்தி மறுமுறை பார்த்து, இரு முடிவுகளையும் ஒப்பிடவேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. தாம் விரும்பிய விடை கிடைத்தவுடன் அவர் கேட்பதை நிறுத்திவிட்டார்.

1849ஆம் ஆண்டில் 'பரலக்ஸ்' என்ற புனைபெயரில் பதினாறு பக்கச் சிறு நூலொன்றை வெளியிட்டார். 1865இல் அது பெரிய நூலாயிற்று. தம் கொள்கைக்குத் 'தேடல்' எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து 'செற்றெற்றிக் வானியல்' என்று பெயரிட்டார். அக்கொள்கையின்படி பூமி ஒரு தட்டு. வட துருவம் அதன் நடு. தெற்கே விளிம்பு முழுவதும் பனிச்சுவர். சூரியன், சந்திரன், நட்சத்திரங்கள் யாவும் ஆயிரம் மைலுக்கு உட்பட்ட உயரத்திலேயே சுழல்கின்றன. இவை விவிலியத்துக்கு முற்றிலும் பொருந்துவன என்பதும் அவர் கூற்று. அறிவு விடுதலை பேசிய இயக்கத்திற் புறப்பட்டவர் வேதப் பிரமாணத்தில் வந்து முடிந்தார். பின்னாளில் 'டாக்டர் பேர்லி' என்ற பெயரில் மருந்தும் விற்றார். மனித ஆயுளை நீடிக்கும் வழி தமக்குத் தெரியும் என்றும் கூறினார். 1884ஆம் ஆண்டு இறந்தார்.

அவருடைய கூட்டங்களுக்கு மக்கள் ஏன் சென்றனர்? அவர்களை மூடர் என்று சொல்லிவிடுவது எளிது; ஆனால் அது விடையாகாது. 'பேராசிரியர் சொல்வதை நம்பாதே; உன் கண்ணால் பார்' என்று றோபோதம் அவர்களிடம் கூறினார். காலமெல்லாம் 'உனக்கு இது விளங்காது' என்றே கேட்டுப் பழகிய உழைப்பாளிக்கு அச்சொல் எத்துணை இனித்திருக்கும்! அதன் பாதி உண்மையும்கூட. மறு பாதியை அவர் மறைத்தார்: கண் தனியே சாட்சி சொல்லாது; அதை எங்கே வைப்பது, எதனோடு ஒப்பிடுவது, எத்தனை முறை பார்ப்பது என்பவற்றை அறிந்தபின்னரே கண்ணின் சாட்சி செல்லும்.

மறுப்பு வந்தபோது அவர் நடந்துகொண்ட விதம் இன்னும் தெளிவானது. கரையிலிருந்து விலகும் கப்பலின் அடிப்பாகம் முதலில் மறைவதேன் என்று பிளாக்பேண் நகரக் கூட்டமொன்றிற் கேட்கப்பட்டபோது, விடை கூறமாட்டாது மேடையை விட்டகன்றார் என்பர். பின்னர் அதற்கும் ஒரு விடை செய்துகொண்டார்: தூரத்திற் சிறுத்துப் போவதாலேயே அடிப்பாகம் தெரியவில்லை, தொலைநோக்கியால் அது மீண்டும் தெரியும் என்றார். தொலைநோக்கி சிறியதைப் பெரிதாகக் காட்டும், மறைந்ததைக் காட்டாது. 1864ஆம் ஆண்டு பிளிமத் நகரத்தார் அவரைக் கடற்கரைக்கே அழைத்துச் சென்றனர். பதினான்கு மைலுக்கு அப்பாலுள்ள எடிஸ்ரன் கலங்கரை விளக்கம், பூமி தட்டையானால், முழுமையாகத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்ததோ உச்சியிலுள்ள விளக்குக் கூண்டின் பாதி மட்டுமே. றோபோதம் சற்றும் தளரவில்லை. எதிர்த்தரப்பாரின் கணிப்புத் தவறிவிட்டது என்று கூறி, வெற்றி தமக்கே என்றார்!

வாய்க்காற் கரையில் ஒரு பந்தயம்

1870ஆம் ஆண்டு ஜனவரியில், றோபோதத்தின் கொள்கையை ஏற்றிருந்த ஜோன் ஹம்ப்டன் என்ற வசதி படைத்த மனிதர், விஞ்ஞானப் பத்திரிகையொன்றில் ஒரு சவால் விடுத்தார். நதியிலோ வாய்க்காலிலோ ஏரியிலோ நீரின் மேற்பரப்பு வளைந்திருப்பதை எவரேனும் காட்டினால் ஐந்நூறு பவுண் தருவதாகவும், எதிர்த்தரப்பாரும் அத்தொகையைப் பந்தயமாக வைக்கவேண்டும் எனவும் அறிவித்தார். வொலஸ் அப்பொழுது நிலையான தொழிலின்றிப் பொருள் முட்டுப்பாட்டில் இருந்தார். புவியியலறிஞர் சார்ள்ஸ் லயலிடம் ஆலோசனை கேட்டார். இத்தகையோரின் வாயை ஒருமுறை அடைப்பது நல்லதே என்று லயல் கருதினார். வொலஸ் சவாலை ஏற்றார். 'த பீல்ட்' பத்திரிகையின் ஆசிரியர் ஜோன் ஹென்றி வோல்ஷிடம் இரு தரப்புப் பணமும் ஒப்படைக்கப்பட்டது.

நில அளவையாளராயிருந்த அனுபவம் வொலஸுக்கு இங்கே கைகொடுத்தது. றோபோதம் விட்ட இடத்தில் அவர் தவறவில்லை. நீரிலிருந்து 13 அடி 3 அங்குல உயரத்துக்குப் பார்வைக் கோட்டை உயர்த்தினார். வெல்னிப் பாலத்தின் கைபிடிச் சுவர் அவ்வுயரத்தில் இருந்தது. அதன் மேல் தொலைநோக்கி வைக்கப்பட்டது. ஆறு மைலுக்கு அப்பாலிருந்த மற்றப் பாலத்தில், அதே உயரத்தில், வெள்ளைத் துணியொன்றிற் கறுப்புப் பட்டி கட்டப்பட்டது. இரண்டுக்கும் நடுவே, மூன்று மைல் தூரத்தில், ஒரு நீண்ட கம்பம் நாட்டப்பட்டது. அதில் இரண்டு செந்நிற வட்டத் தகடுகள்: மேல் தகடு தொலைநோக்கியின் அதே உயரத்தில், கீழ்த் தகடு அதற்கு நான்கடி கீழே.

சோதனையின் சிறப்பு நடுக் கம்பத்தில் இருக்கிறது. நீரின் மேற்பரப்பு தட்டையானால் தொலைநோக்கி, மேல் தகடு, கறுப்புப் பட்டி ஆகிய மூன்றும் ஒரே நேர்கோட்டில் அமையும். வளைந்திருந்தால் நடுத் தகடு ஏனைய இரண்டையும் இணைக்கும் கோட்டுக்கு மேலே நிற்கும். எவ்வளவு மேலே? மூன்று மைலின் வர்க்கம் ஒன்பது, ஒன்பதெட்டு எழுபத்திரண்டு அங்குலம், ஆறடி. ஒளிமுறிவைக் கழித்தால் ஏறக்குறைய ஐந்தடி. எது தெரிந்தால் எது உண்மை என்பது பார்ப்பதற்கு முன்னரே வரையறுக்கப்பட்டிருந்தது.

1870 மார்ச் 5ஆம் நாள் தொலைநோக்கியினூடே பார்த்தபோது, நடுத் தகடு கறுப்புப் பட்டிக்கு மேலே உயர்ந்து நின்றது. வொலஸின் சார்பிலிருந்த நடுவரான கூல்ச்சர் என்ற வைத்தியர் அதனை வரைந்தார். ஹம்ப்டனின் நடுவர் வில்லியம் காப்பென்டர் என்ற அச்சகத்தார். தாமும் பூமி தட்டை என்று நூல் எழுதியவர். அவரும் வரைந்தார். இருவர் வரைந்த படங்களும் ஒத்திருந்தன! ஆயினும் காப்பென்டர், பூமி தட்டை என்பது நிரூபணமாகிவிட்டதென்று துள்ளினார்.

அது எப்படி? நீர்மட்டம் பொருத்தப்பட்ட தொலைநோக்கியால் பார்த்தபோது, கிடையான குறுக்குக் கோட்டுக்குக் கீழே நடுக் குறி தெரிந்தது; அதற்கும் கீழே, அதே இடைவெளியில், தூரக் குறி தெரிந்தது. இடைவெளிகள் சமமானவை, ஆகவே மூன்றும் ஒரே நேர்கோட்டில் உள்ளன என்றார் காப்பென்டர். இவ்வாதத்தை நிறுத்துப் பார்ப்போம். ஒளிமுறிவை விட்டுக் கணக்கிட்டால், மூன்று மைலில் இறக்கம் ஆறடி. ஆறு மைலில் இறக்கம் இருபத்துநான்கு அடி. ஆனால் இரு மடங்கு தூரத்திலுள்ள பொருள் பாதியாகச் சிறுத்துத் தெரியும்; எனவே அவ்விருபத்துநான்கடி, நடுக் கம்பத்தின் அளவிற் பன்னிரண்டடியாகவே தோன்றும். குறுக்குக் கோடு பூச்சியத்தில், நடுக் குறி ஆறில், தூரக் குறி பன்னிரண்டில். இடைவெளிகள் சமமாகவே இருக்க வேண்டும்! உருண்டைப் பூமி எதைக் காட்டியே ஆகவேண்டுமோ, அதையே காப்பென்டர் அதற்கு எதிரான சான்றாக எடுத்துக்கொண்டார். தட்டைப் பூமியிலோ மூன்றும் ஒன்றன்மேலொன்றாகக் குறுக்குக் கோட்டிலேயே படிந்திருக்கும்.

ஹம்ப்டன் தொலைநோக்கியினூடே பார்க்கவேயில்லை. தம் நடுவரின் சொல்லே போதும் என்று இருந்துவிட்டார். 'உன் கண்ணால் பார்' என்று முழங்கிய கொள்கையின் புரவலர், பார்க்க வேண்டிய வேளையிற் கண்ணை மூடிக்கொண்டார்.

உண்மை வென்றது, வொலஸ் தோற்றார்

வோல்ஷ் இரு படங்களையும் ஆராய்ந்து, வொலஸே வென்றார் என்று தீர்ப்பளித்துப் பணத்தைக் கொடுத்தார். ஹம்ப்டன் ஏற்கவில்லை. அடுத்த பதினைந்து ஆண்டுகளும் வொலஸைத் திருடன், ஏமாற்றுக்காரன் என்று தூற்றினார். விஞ்ஞானக் கழகங்களின் தலைவர்களுக்கும், வொலஸின் அயலவருக்கும், அவர் சாமான் வாங்கும் கடைக்காரருக்கும் கடிதங்கள் அனுப்பினார். கணவனின் மண்டை நொறுங்கி வீடு வந்து சேரும் நாள் வரலாம் என்ற கருத்துப்பட வொலஸின் மனைவிக்கே எழுதினார். அவதூறுக்காகச் சிறைத்தண்டனையும் பெற்றார், ஆனாலும் ஓயவில்லை. 1871ஆம் ஆண்டு நீதிமன்றம் வொலஸுக்கு அறுநூறு பவுண் நட்டஈடு வழங்கியது. ஹம்ப்டன் தம் சொத்தை முன்னரே மருமகன் பெயருக்கு மாற்றிவிட்டமையால் ஒரு சதமும் கிடைக்கவில்லை.

இறுதியில் 1876ஆம் ஆண்டு ஹம்ப்டன் ஒரு வழக்கில் வென்றார். பந்தய ஒப்பந்தம் சட்டத்தின் முன் செல்லாது. பணம் கைமாறுமுன்னரே ஹம்ப்டன் அதைத் திரும்பக் கேட்டிருந்தார். ஆகவே அவருடைய பங்கு திருப்பிக் கொடுக்கப்பட வேண்டும் என்று நீதிமன்றம் கூறியது. பூமியின் வடிவத்தைப் பற்றி அது எதுவும் கூறவில்லை. வழக்குச் செலவுகளைச் சேர்த்துப் பார்த்தால், பூமி உருண்டை என்று நிரூபித்த மனிதர் பல நூறு பவுண் நட்டமடைந்தார்!

அந்தக் கொள்கையும் சாகவில்லை. காப்பென்டர் அமெரிக்காவுக்குச் சென்று, 1885ஆம் ஆண்டு பூமி உருண்டையல்ல என்பதற்கு 'நூறு சான்றுகள்' என நூல் வெளியிட்டார். 1901ஆம் ஆண்டு கேம்பிரிட்ஜ் புவியியலாசிரியர் ஓல்டம் அதே வாய்க்காலிற் சோதனையை மீண்டும் செய்து வளைவைக் காட்டினார். 1904ஆம் ஆண்டு பிளவுண்ட் சீமாட்டி அங்கேயே, நீருக்கு மிக அருகிற் கமராவை வைத்து ஆறு மைலுக்கப்பாலிருந்த வெள்ளைத் துணியைப் படம்பிடிப்பித்து, தட்டை என்றார். றோபோதத்தின் பழைய பிழை புதிய கருவியுடன் திரும்பியது. 1956ஆம் ஆண்டு இங்கிலாந்தில் தட்டைப் பூமிச் சங்கம் மீண்டும் நிறுவப்பட்டது. விண்வெளியிலிருந்து எடுக்கப்பட்ட புகைப்படங்களும் அதைக் கரைக்கவில்லை. இந்த இருபத்தோராம் நூற்றாண்டிலும் அக்கொள்கைக்கு ஆட்கள் சேர்கின்றனர்.

வொலஸ் எங்கே தவறினார்? ஒரு சோதனை ஒரு பிடிவாதத்தை வென்றுவிடும் என்று எண்ணினார். பணத்தை நடுவே வைத்தபோது, ஆராய்ச்சி வழக்காயிற்று. விடயத்தை அறியவேண்டும் என்ற நிலை போய், தோற்கக்கூடாது என்ற நிலை வந்தது. ஹம்ப்டன் மனம் மாறுவதற்கு இருந்த சிறு வாய்ப்பையும் அந்த ஐந்நூறு பவுண் அடைத்துவிட்டது.

வொலஸை நாம் குறையற்ற வீரராகக் காட்டவும் முடியாது. இயற்கைத் தேர்வைக் கண்ட அதே மனிதர் 1865ஆம் ஆண்டு முதல் ஆவிகளோடு பேசும் கூட்டங்களுக்குச் சென்றார். இருண்ட அறையில் மேசை அசைந்ததையும் பூக்கள் விழுந்ததையும் உண்மையென நம்பி நூலெழுதினார். பெரியம்மைத் தடுப்பூசி வெறும் மாயை என்று 1898ஆம் ஆண்டு வாதிட்டார். 1980ஆம் ஆண்டு உலகம் பெரியம்மையிலிருந்து விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது, அத்தடுப்பூசியினாலேயே. வாய்க்காற் கரையில் நடுக் கம்பத்தை நாட்டியவர், ஆவிக்கூடத்தில் அத்தகைய கம்பம் எதையும் நாட்டவில்லை. கண்டதே போதும் என்று அங்கே அவரும் ஒரு றோபோதம் ஆனார்.

இதனை அக்காலத்திலேயே கூர்ந்து நோக்கியவர் பிரெடெரிக் ஏங்கல்ஸ். பின்னர் 'இயற்கையின் இயக்கவியல்' நூலிற் சேர்க்கப்பட்ட ஒரு கட்டுரையில் வொலஸின் ஆவி நம்பிக்கையை அவர் ஆராய்கிறார். 1843–44 குளிர்காலத்தில் மான்செஸ்டரில், மயக்குத் துயில் வித்தை காட்டிய ஒருவரின் காட்சியை ஏங்கல்ஸும் கண்டிருந்தார். வியந்து நின்றுவிடாமல், தாமும் ஒரு நண்பரும் அவ்வித்தையைச் செய்து பார்த்து, அது எவ்வாறு நிகழ்கிறது என்பதைக் கண்டுகொண்டதாக எழுதுகிறார். கொள்கை விளக்கத்தை வெறுத்து, கண்ட காட்சிகளை மட்டுமே நம்பும் அனுபவவாதம், மூடநம்பிக்கைக்கு மிக நேரான வழி என்பது அவருடைய முடிவு. மேதைமையும் நேர்மையும் சோசலிசப் பற்றும்கூட ஒரு மனிதரை இதிலிருந்து காப்பதில்லை.

வகுப்பறையில் ஒரு கேள்வி

இவ்வரலாறு ஆசிரியருக்கு எதைக் கூறுகிறது? 'சேர், பூமி உருண்டை என்று நமக்கு எப்படித் தெரியும்?' என்று ஒரு மாணவன் எழுந்து கேட்டால், 'புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது, உட்கார்' என்று சொல்லும் ஆசிரியர் அவனை றோபோதத்தின் கூட்டத்துக்கு அனுப்பி வைக்கிறார். புத்தகத்தை நம்பச் சொன்னால், நாளை வேறொருவர் வேறொரு புத்தகத்தைக் கொண்டுவருவார்.

விலையேறிய கருவியின்றியே நம் நாட்டில் இதனைச் சோதிக்கலாம். பாகைமானி ஒன்றும், நூலிற் கட்டிய கல் ஒன்றும் போதும். துருவ நட்சத்திரம் யாழ்ப்பாணத்தில் வடக்கு அடிவானத்துக்கு மேலே ஏறக்குறைய ஒன்பதே முக்காற் பாகையில் நிற்கும். தென்கோடியான தேவேந்திரமுனையில் ஆறு பாகைக்குச் சற்றுக் குறைவாக நிற்கும். இரவின் வெவ்வேறு வேளைகளில் அது சிறிது ஏறியிறங்குவதால் சராசரியை எடுத்துக்கொள்ள வேண்டும். வடக்குத் தெற்காக ஏறக்குறைய 260 மைலுக்கு மூன்றே முக்காற் பாகை வேறுபாடு. அவ்வாறாயின் 360 பாகைக்கு எவ்வளவு? ஏறக்குறைய 25,000 மைல். பூமியின் சுற்றளவு மாணவனின் கையிலேயே விடையாக வந்து விழும்.

றோபோதத்துக்கும் நீதி வழங்குவோம். பூமி தட்டாக இருந்தாலும், தூரம் கூடக்கூட நட்சத்திரம் தாழ்ந்து தெரியுமே என்று அவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. அவருடைய தட்டின்படியே கணக்கிடுவோம். நடுவிலுள்ள வட துருவத்திலிருந்து யாழ்ப்பாணம் ஏறக்குறைய 5,500 மைல். அங்கே தெரியும் கோணத்தின்படி நட்சத்திரத்தின் உயரம் ஏறக்குறைய 950 மைல். தேவேந்திரமுனை 5,800 மைல். அங்கிருந்து கணக்கிட்டால் உயரம் 600 மைல். இலண்டன் 2,650 மைல். அங்கே நட்சத்திரம் ஐம்பத்தொன்றரைப் பாகையில் தெரிவதால் உயரம் 3,300 மைல். ஒரே நட்சத்திரம் ஒரே வேளையில் மூன்று உயரங்களில் இருக்க முடியாது. தட்டைப் பூமியை ஏளனம் செய்யாமல், அதை உண்மையென்றே வைத்துக்கொண்டு கணக்கிட்டோம். அது தன்னைத்தானே மறுத்துக்கொண்டது.

வொலஸையும் றோபோதத்தையும் பிரித்த கோடு இங்கேதான் இருக்கிறது. தன் கூற்று பொய்யாயின் எது தெரியவேண்டும் என்பதை முன்கூட்டியே சொல்லி, அது தெரிகிறதா என்று தானே தேடிப் பார்ப்பவன் விஞ்ஞானி. அவனுக்குப் பட்டம் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். எது தெரிந்தாலும் வெற்றி தனக்கே என்பவன் போலி விஞ்ஞானி. அவனுக்கும் பட்டம் இருக்கலாம். ஆவிக்கூடத்தில் வொலஸ் இக்கோட்டின் மறுபுறம் போய் நின்றார் என்பதை நினைத்தால், இதைக் கடப்பது எவருக்கும் எவ்வளவு எளிது என்பது புலனாகும்.

மேனியா பென்னின் தொழிலாளருக்கும் பிளிமத்தின் மீனவருக்கும் 'உன் கண்ணால் பார்' என்று சொல்ல ஒருவர் வந்தார். எப்படிப் பார்ப்பது என்று உடனிருந்து கற்பிக்க ஒருவரும் வரவில்லை. அந்த இடம் வெறுமையாகக் கிடந்தமையாலேயே றோபோதம் அதில் அமர்ந்தார். நம் கிராமங்களிலும் அந்த இடம் எத்தனையோ விடயங்களில் இன்னும் வெறுமையாகவே கிடக்கிறது. அதில் அமரவேண்டியவர் ஆசிரியர்.